இருபூ நிலமும் மருத்துவக் கல்வியும்



நாஞ்சில் நாட்டு வயல்களில் ஆண்டுக்கு இருபூ விளையும். முதலில் கன்னிப்பூ, அடுத்துக் கும்பப்பூ. கன்னிப்பூவைத் தரிசாக விட்டுவிட்டு, கும்பப்பூவில் இரட்டை விளைச்சல் காணலாம் என்று எண்ணும் உழவரை நான் கண்டதில்லை. அவ்வாறு எண்ணும் மாணவரையோ பலமுறை கண்டிருக்கிறேன். நெடுங்காலம் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில், மருத்துவம் பயில விழைவோர் அறிய வேண்டுவனவற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

மருத்துவக் கல்லூரிக்கு வாயில்கள் மூன்று. முதலாவது, பாடத் தெரிவு. மேனிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றையும், அவற்றோடு ஆங்கிலத்தையும் பயின்றிருத்தல் வேண்டும். நம் பள்ளிகளில் உயிரியலைத் தாவரவியல், விலங்கியல் என்று பிரித்துப் பயில்வதும் ஏற்புடையதே. ஆகவே, பதினொன்றாம் வகுப்பில் பாடப் பிரிவைக் குறிக்கும் நாளிலேயே பாதி வழி முடிவாகிவிடுகிறது. தோழர் சேர்ந்த பிரிவென்று நாமும் சேர்வது தகாது.

இரண்டாவது வாயில், மதிப்பெண். அம்மூன்று அறிவியற் பாடங்களிலும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 50 விழுக்காடும், பட்டியலினத்தார், பழங்குடியினர், பிற்பட்டோர் ஆகியோர் 40 விழுக்காடும் பெற வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளுக்குள் 17 வயது நிறைந்திருக்கவும் வேண்டும்.

மூன்றாவது வாயில்தான் குறுகியது. அதுவே நீட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு. 2007 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே இடத்தை முடிவு செய்தது. 2017 முதல் அம்மதிப்பெண் வாயிலைத் திறக்கும், அவ்வளவே. இடத்தைத் தருவது நீட் தர வரிசை. வினாக்கள் 180, மதிப்பெண்கள் 720. அவற்றுள் சரிபாதி உயிரியலுக்குரியது. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் குறையும். தமிழிலும் எழுதலாம். வினாக்கள் பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் வருகின்றன. கன்னிப்பூவை நான் நினைவூட்டியது இதற்காகவே.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி; பூத்தொடுத்துப் பிழைக்கும் குடும்பத்தவள். பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை விரைந்து கடந்து, பன்னிரண்டாம் வகுப்புக்கே காலத்தைச் செலவிட்டோம். பொதுத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றாள். நீட் தேர்விலோ பின்தங்கினாள். அந்தப் பிழையில் ஆசிரியனாகிய எனக்கும் பங்குண்டு. மறுநாளே அவள் பதினொன்றாம் வகுப்பு நூலை முதற் பக்கத்திலிருந்து தொடங்கினாள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்றோருக்குத் தமிழ்நாடு அரசு 2020இல் சட்டம் இயற்றி வழங்கிய 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு அவளுக்குத் துணை நின்றது. அடுத்த ஆண்டு இடம் பெற்றாள்.

நிற்க. இந்நிலம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், திருவனந்தபுரத்தைச் சேர்ந்த பல்ப்பு என்னும் இளைஞர் மருத்துவ நுழைவுத் தேர்வில் தேறியும், சாதியைக் காட்டி இடம் மறுக்கப்பட்டார். அவர் சென்னைக்குச் சென்று பயின்று மருத்துவரானார், பிறகும் பிறந்த நாடு வேலை தரவில்லை, மைசூர் தந்தது. அன்று எத்துணை மதிப்பெண் பெற்றாலும் திறவாத கதவு இருந்தது. இன்று வழி கடினமானதே. ஆயினும் அதன் அளவுகள் எழுதப்பட்டுள்ளன, எவரும் படித்தறியலாம். 2001 முதல் நம் ஆசாரிப்பள்ளத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

உள்ளே நுழைந்தபின் நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் காத்திருக்கின்றன. நாள்தோறும் சிறிது சிறிதாகப் படிக்கும் பழக்கமே அங்கும் கைகொடுக்கும். ஆகவே இளைஞர்களே, முதற் பூவிலேயே உழுங்கள்.