கண்ணாடி உலைகளில் எரிபொருள் சிக்கனம்

உத்தரப் பிரதேசத்தில் ஆக்ராவிற்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரோஸாபாத் நகரம் கண்ணாடி வளையல்களுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள சிறு தொழிற்சாலைகளில் மணல், சோடா முதலியவற்றை மூசைகளில் இட்டு உருக்குகின்றனர். இதற்கு 1,300 டிகிரி செல்ஸியஸுக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. உலை இரவும் பகலும் அணையாது எரிதல் வேண்டும். ஆகவே, எரிபொருட் செலவே தொழிலின் லாப நட்டத்தைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது.

பல்லாண்டுகளாக இவ்வுலைகள் நிலக்கரியைக் கொண்டே இயங்கி வந்தன. தாஜ்மகாலைச் சூழ்ந்த சுமார் 10,400 சதுர கிலோமீட்டர் பரப்பில் காற்று மாசுபடுவதைத் தடுக்கும் பொருட்டு, 1996 டிசம்பர் 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு ஒன்றை வழங்கிற்று. அங்குள்ள தொழிற்சாலைகள் நிலக்கரியைக் கைவிட்டு இயற்கை வாயுவிற்கு மாறவேண்டும். மாற இயலாதவை வேறிடம் பெயரவேண்டும் என்பது அதன் சாரம். ஆயிரக்கணக்கான தொழிலாளரின் பிழைப்பு இம்மாற்றத்தைச் சார்ந்து நின்றது.

உரிமையாளர் பலர் பழைய நிலக்கரி உலையிலேயே வாயு பர்னர்களைப் பொருத்தினர். புகை குறைந்தது; ஆயினும் வெப்பம் வீணாவது குறையவில்லை. மூசைகளைச் சூடாக்கிய பின்னரும் கழிவு வாயு 1,000 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்துடன் வெளியேறுகின்றது. எரிபொருள் தரும் வெப்பத்தில் பாதிக்கு மேற்பட்டது இவ்வாறு புகைபோக்கி வழியே போய்விடும்.

இவ்விழப்பைக் குறைக்க, டாடா எரிசக்தி ஆராய்ச்சி நிறுவனம் என அப்போது வழங்கிய டெரி நிறுவனம், சுவிட்ஸர்லாந்து அரசின் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைப்பின் உதவியுடன் புதியதோர் உலையை வகுத்தது. இதன் சிறப்பு உறுப்பு வெப்ப மீட்புக் கருவியாகும். உலோகச் சுவரின் ஒருபுறம் கழிவு வாயுவும், மறுபுறம் உலைக்குச் செல்லும் காற்றும் ஓடும். இரண்டும் கலவாமலே கழிவின் வெப்பம் காற்றிற்கு மாறுகின்றது. எரிதலுக்கான காற்றின் வெப்பநிலை சுமார் 22 டிகிரி உயருந்தோறும் எரிபொருளில் ஏறக்குறைய 1 சதவீதம் மிச்சமாகும் என்பது பொறியாளர் கணக்கு.

புதிய உலை, நிலக்கரி உலையுடன் ஒப்பிட ஏறக்குறைய பாதி எரிசக்தியையும், பர்னர் மட்டும் மாற்றிய உலையுடன் ஒப்பிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையும் மிச்சப்படுத்திற்று. உள்ளூர்க் கொத்தர்களும் உலோக வேலை செய்வோரும் பயிற்சி பெற்றமையால், இவ்வமைப்பு பிற தொழிற்சாலைகளுக்கும் பரவிற்று.

கருவியைப் பொருத்துவதுடன் கடமை முடிந்துவிடாது. காற்று அளவுக்கு மிஞ்சினால், அதனைச் சூடாக்குவதிலேயே எரிபொருள் வீணாகும். குறைந்தால் வாயு முற்றும் எரியாது. மின்தடையால் காற்றூதி நின்றுவிடின், குளிர்விக்கும் காற்றின்றி மீட்புக் கருவியின் உலோகம் பழுதுபடும். சுடரின் நிறங்கண்டு வெப்பத்தை மதிப்பிடும் தொழிலாளியின் அனுபவம் மதிக்கத் தக்கதே. அதனுடன் வெப்பமானியும் வாயு அளவுமானியும் சேர்தல் நலம்.

தனியொரு சிறுதொழிலாளர் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தல் இயலாது. ஒரே தொழிலைச் செய்வோர் ஓரூரில் கூடியிருப்பின், ஓர் உலையில் சோதித்துக் கண்ட பயன் அனைவருக்கும் எட்டும். செங்கற்சூளை, வார்ப்படச் சாலை முதலிய தொழில்களும் இவ்வழியைப் பின்பற்றலாம். நாள்தோறும் செலவாகும் எரிபொருளையும் உற்பத்தியாகும் பொருளையும் ஒருங்கே குறித்து வருவதே இதற்கு முதற்படியாகும்.