அழகு எந்த ஜாதி?

சென்ற வாரம் மயிலாப்பூரில் ஒரு நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்தில் அவருடைய குமாரன் ஆங்கில இலக்கணம் நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தான். "மனிதன், இடம், பொருள் இவற்றின் பெயரே நௌன்" என்றான்.

"கபாலி கோயில் தெப்பக்குளம்?" என்று கேட்டோம்.

"நௌன்!"

"அழகு?"

பையன் விழித்தான். அழகு மனிதனுமல்ல, இடமுமல்ல. கையால் தொடக்கூடிய பொருளுமல்லவே!

குற்றம் பையனுடையதல்ல, அவன் கற்ற சூத்திரம் குறுகியது. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் பெயரைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறு வகையாக்கினார். 'பியூட்டி' குணப்பெயர், 'மார்னிங்' காலப்பெயர், 'ஹாண்ட்' சினைப்பெயர். சந்தேகம் தீர்ந்தது.

இன்னொரு சோதனையும் நம்மிடமே உண்டு. பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும். நாம் 'மயிலாப்பூரில்', 'அடையாற்றிலிருந்து' என்று உருபைப் பின்னால் சேர்க்கிறோம். ஆங்கிலேயரோ 'இன் மைலாப்பூர்', 'ஃப்ரம் அடையாறு' என்று முன்னால் வைக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்!

ஆனால் ஓர் எச்சரிக்கை. தமிழில் 'நட' வினை, 'நடை' பெயர். உருவமே காட்டிக் கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வாக்' ஒன்றே. 'ஐ வாக்' என்றால் வினை. 'எ லாங் வாக்' என்றால் பெயர். அங்கே சொல்லின் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்க்கவேண்டும்.

இதைச் சொன்னதும் பையன் தானாகவே, "அப்படியானால் 'எ குட் ஸ்லீப்' என்பதில் 'ஸ்லீப்' பெயர்தானே, மாமா?" என்றான்.

ஆங்கில இலக்கணத்தைத் திறக்கும்போது தமிழ் இலக்கணத்தை மூடிவிடவேண்டுமென்று யார் சொன்னார்கள்? தாய்மொழி விளக்கை ஏந்திச் செல்லும் குழந்தை அயல்மொழி வீட்டில் இடறி விழாது.