பொங்கலுக்குள் மறைந்துபோகும் ஜனவரி 14: முன்னாள் படைவீரர் தினம் என்றால் என்ன? தாம்பரத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஜனவரி 14 என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது போகி, இல்லையென்றால் பொங்கல். அதே தேதிக்கு இன்னொரு பெயரும் இருக்கிறது: ஆயுதப்படை முன்னாள் வீரர்கள் தினம். 2016 முதல் நாடு முழுக்க ராணுவ நிலையங்களில் இது கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனாலும் தமிழ்நாட்டில் பலருக்கு இது தெரியாது. காரணம் சிம்பிள். அன்றைக்கு வீட்டில் ஒன்று பானை பொங்கிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் பழைய பாய் எரிந்துகொண்டிருக்கும்!

ஏன் இந்தத் தேதி?

இதற்குப் பின்னால் இருப்பவர் கே.எம்.கரியப்பா. 1949 ஜனவரி 15 அன்று, ஆங்கிலேயரான ஜெனரல் ராய் புச்சரிடம் இருந்து ராணுவத் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். அந்த நாளைத்தான் 'ராணுவ தினம்' என்கிறோம். 1953 ஜனவரி 14 அன்று அவர் ஓய்வு பெற்றார். ஆக, அவர் பொறுப்பேற்ற தேதி ராணுவ தினம். வீட்டுக்குக் கிளம்பிய தேதி முன்னாள் வீரர் தினம்.

அமெரிக்காவில் இதே மாதிரியான நாள் நவம்பர் 11. முதல் உலகப் போர் 1918-ல் ஓய்ந்த தேதி அது. அங்கே அரசு விடுமுறை உண்டு. நம் ஊரில் இதற்கென்று தனி லீவு கிடையாது. டிசம்பர் 7 கொடி நாள் வேறு. ஸ்கூலில் சட்டையில் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போட்டோமே, அதுதான். அந்தப் பணமும் படைவீரர் குடும்பங்களின் நலனுக்கே போகிறது.

தென் சென்னைப் புறநகரில் என்ன விசேஷம்?

பரங்கிமலையில் 1963 முதல் அதிகாரிகள் பயிற்சி அகாடமி இயங்குகிறது. கிழக்கு தாம்பரம், சேலையூர் பக்கம் விமானப்படைத் தளம். விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களையே உருவாக்குகிற பள்ளி 1954 முதல் இங்கேதான் இருக்கிறது. 2024 அக்டோபர் 8 விமானப்படை தின அணிவகுப்பும் இதே தளத்தில்தான் நடந்தது. நந்தம்பாக்கத்தில் உலகப் போர் வீரர்களின் கல்லறைத் தோட்டம். 'அமரன்' படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் தாம்பரத்துக்காரர்.

சோகமும் இந்த ஏரியாவுக்கு உண்டு. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் 29 பேரோடு கடலுக்கு மேல் மாயமானது. ஏழு வருடத்துக்கும் மேலாகக் குடும்பங்கள் காத்திருந்தன. 2024 ஜனவரியில், சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைக் கண்டுபிடித்தது தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். அது இருப்பது பக்கத்தில், பள்ளிக்கரணையில்!

'முன்னாள்' என்றால் தாத்தாவா?

இங்கேதான் நம்மில் பலருக்குத் தப்புக்கணக்கு. முன்னாள் ராணுவத்தினர் என்றதும் நரைத்த மீசையோடு ஒரு பெரியவர் கண்ணுக்குள் வருவார். ஆனால் 18, 20 வயதில் சிப்பாயாகச் சேர்பவர் 17 வருட சர்வீஸ் முடித்து வெளியே வரும்போது அவருக்கு வயது 37-க்குள்தான் இருக்கும். பிள்ளைகள் ஸ்கூல் போய்க்கொண்டிருக்கும். வீட்டுக் கடன் பாக்கி இருக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர் இப்படிப் படைகளில் இருந்து வெளியே வருகிறார்கள்.

அதனால் ஓய்வு என்பது அவர்களுக்கு அடுத்த வேலையைத் தேடும் படலம். மத்திய அரசுப் பணிகளில் குரூப் சி-யில் 10 சதவீதம் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கீடு உண்டு. பொதுத்துறை வங்கி கிளார்க் பணியில் 14.5 சதவீதம். தேர்வு எழுதித்தான் போக வேண்டும். பலருக்குக் கிடைப்பது செக்யூரிட்டி வேலை. துப்பாக்கியும் ரேடார் கருவியும் கையாண்ட ஆளை கேட்டில் உட்கார வைத்து விசிட்டர் நோட்டில் கையெழுத்து வாங்கச் சொல்வது, திறமையை வீணடிப்பதுதான். தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில், சொந்தத் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும் 30 சதவீத மானியமும் கிடைக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். தாம்பரம் இப்போது செங்கல்பட்டு மாவட்டம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் என்றால்?

1996-ல் ரிட்டையர் ஆன ஹவில்தாரும் 2013-ல் ரிட்டையர் ஆன ஹவில்தாரும் ஒரே அளவு சர்வீஸ் செய்திருந்தாலும், முன்னவருக்குக் குறைவான பென்ஷன்தான் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சம்பளக் கமிஷனுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. இதைச் சரிசெய்யக் கேட்டு முன்னாள் வீரர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2015 நவம்பரில் உத்தரவு வந்தது, 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தம். ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்று கேட்டவர்களின் வழக்கில், 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அரசின் முறையே செல்லும் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்த திருத்தத்தில் மட்டும் 25.13 லட்சம் பேர் பலன் பெற்றார்கள்.

பேரில் இருக்கிறது சிக்கல்

பென்ஷன் இப்போது 'ஸ்பார்ஷ்' என்கிற ஆன்லைன் முறைக்கு மாறிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். 'ஜீவன் பிரமாண்' ஆப்பில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம், பேரனோ பேத்தியோ பக்கத்தில் இருந்தால் இன்னும் சுலபம்.

பெரிய தலைவலி வேறு. வடநாட்டு முறையில் தயாரான படிவத்தில் நம்ம ஊர் இனிஷியல் எங்கே உட்காரும்? சிலருக்கு அப்பா பெயர் கடைசிப் பெயராக மாறியிருக்கும், சிலருக்கு ஊர் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கும். மனைவி ராணுவ ரெக்கார்டில் 'லட்சுமி', ஆதாரில் 'விஜயலட்சுமி'. பிறந்த தேதி ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. கணவர் இருக்கும் வரை இது யாருக்கும் தெரியாது. அவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும்போதுதான் 'இந்த அம்மா அந்த அம்மாதானா?' என்ற கேள்வி வரும். சாதாரண குடும்ப ஓய்வூதியமே கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். அதற்கும் மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ முன்னாள் படைவீரர் என்றால், அவர் இருக்கும்போதே ஓய்வூதிய ஆணையை எடுத்து, மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் அவருடைய ரெக்கார்ட் ஆபீசுக்கு அவரே விண்ணப்பித்துத் திருத்துவது சுலபம்.

மருத்துவத்துக்கு 2003-ல் தொடங்கிய இசிஎச்எஸ் திட்டம் இருக்கிறது. தாம்பரத்திலேயே பாலிகிளினிக் உண்டு. அங்கே ரெஃபரல் வாங்கி, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். நெஞ்சுவலி மாதிரி அவசரம் என்றால் பக்கத்தில் உள்ள எந்த மருத்துவமனையிலும் சேர்க்கலாம். ஆனால் பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால் இரண்டு நாளுக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு நாளைக் கோட்டை விட்டால் பில்லைத் திரும்பப் பெறுவது கஷ்டம்.

எல்லோருக்கும் பென்ஷன் உண்டா?

இல்லை. பரங்கிமலையில் பயிற்சி முடித்து, குறுகிய காலப் பணியில் 10 அல்லது 14 வருடம் இருந்துவிட்டு வரும் அதிகாரிகளுக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. இசிஎச்எஸ் வசதியே 2019-ல்தான் அவர்களுக்குத் திறந்தது.

அடுத்து வருகிறவர்கள் அக்னிவீரர்கள். 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டப்படி பணிக்காலம் 4 ஆண்டு. அதன்பின் 25 சதவீதம் வரை மட்டுமே நிரந்தரமாகத் தொடர முடியும். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். பென்ஷன் இல்லை, இசிஎச்எஸ் இல்லை, மிலிட்டரி கேன்டீன் கார்டும் இல்லை. விதிப்படி 'முன்னாள் படைவீரர்' என்ற அந்தஸ்தும் இல்லை. முதல் அணிகள் பயிற்சியில் சேர்ந்தது 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும். நாலு வருடக் கணக்குப்படி, 2027 ஜனவரி 14 வரும்போது இருபத்தி சொச்சம் வயதில் ஒரு கூட்டம் யூனிஃபார்மைக் கழற்றியிருக்கும். அந்த நாளுக்கான நிகழ்ச்சிக்கு அவர்களுக்கு அழைப்பு உண்டா என்பதற்கு இப்போதைய விதிகளில் பதில் இல்லை.