அவையில் விளைந்த அறிவு

நோயைத் தீர்க்க முற்படுவோன் முதற்கண் நோய் இன்னது எனத் தெளிதல் வேண்டும். பின்னர் அதன் காரணத்தைக் காணுதல் வேண்டும். அதன் பின்னரே மருந்தைப் பற்றி எண்ணுதல் வேண்டும். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் இம்முறையையே வற்புறுத்துகின்றது. ஆயினும், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே பல நோய்களுக்குக் காரணம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் ஐயமற நிறுவப்பட்டது. அவ்வறிவு வளர அறிஞர் பேரவைகள் பெரிதும் துணைபுரிந்தன.

1881ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இலண்டன் மாநகரில் அனைத்துலக மருத்துவப் பேரவை கூடிற்று. பல நாடுகளினின்றும் 3,000 பேருக்கு மேற்பட்டோர் வந்திருந்தனர். அவர்களுள் பிரெஞ்சு நாட்டு லூயி பாஸ்டரும், செர்மானிய நாட்டு இராபர்ட் காக்கும் இருந்தனர். அவ்விரு நாடுகளும் பத்தாண்டுகளுக்கு முன்னர்க் கடும்போர் புரிந்தவை. அப்புண் அன்றும் ஆறியிருக்கவில்லை.

அக்காலத்தில் நுண்ணுயிர்களை ஊன்சாற்றில் வளர்த்தனர். அதில் பல இனங்கள் நெல்லும் களையும் போலக் கலந்து பெருகின. நோய் செய்வது எது எனப் பிரித்தறிதல் அரிதாயிற்று. காக் ஊன்பசையைச் சாற்றுடன் கலந்து கண்ணாடித் தட்டில் உறையச் செய்தார். உறைந்த பரப்பில் விழுந்த நுண்ணுயிர் விழுந்த இடத்திலேயே தங்கிப் பெருகி, கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாயிற்று. ஓர் உயிரினின்று தோன்றிய புள்ளி ஓரினமே ஆயிற்று. இம்முறையை அவர் இலிஸ்டர் என்னும் அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். அதனைக் கண்ட பாஸ்டர், பகை நாட்டவர் என்று கருதாது மனமாரப் பாராட்டினார். மறு ஆண்டில் செனீவா நகரப் பேரவையில் இருவரும் கருத்து மாறுபட்டனர்; எனினும், தட்டில் கண்ட உண்மை இரு நாட்டிற்கும் பொதுவாகவே நின்றது.

1882 மார்ச்சு 24ஆம் நாள், காசநோய்க் கிருமியைத் தாம் கண்டறிந்ததைக் காக் பெர்லின் நகர அறிஞர் அவையில் அறிவித்தார். அக்கிருமியின்மேல் மெழுகு போன்ற உறை உண்டு. அதனுள் சாயம் எளிதில் புகாது. புகுந்தபின் அமிலத்தாலும் நீங்காது. இவ்வியல்பே அதனைக் காட்டிக்கொடுத்தது. நோயாளியின் சளியில் சிவப்புச் சாயம் ஏற்றி அமிலத்தால் கழுவினால், ஏனையவை நிறமிழக்க, காசநோய்க் கிருமி மட்டும் செந்நிறக் கோல் போல நுண்ணோக்கியில் தோன்றும்.

இவ்வறிவு தமிழகத்தில் பெரும்பயன் விளைத்தது. காசநோயாளர் மருத்துவ விடுதியில் தங்கினாலன்றி நலம் பெறார் எனப் பலரும் நம்பிய காலத்தில், 1956ஆம் ஆண்டு சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. நோயாளர் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் விடுதியில் தங்கினர். மறு பிரிவினர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு பிரிவினர்க்கும் ஓராண்டு ஒரே மருந்துகள் அளிக்கப்பட்டன. சளியில் கிருமி உண்டா, இல்லையா என்று காலந்தோறும் சோதித்தே முடிவு காணப்பட்டது. வீட்டு மருத்துவமும் விடுதி மருத்துவத்திற்கு ஏறத்தாழ ஒத்த பயன் தருவதென்றும், உடனுறைவோர்க்கு அதனால் தீங்கு மிகுவதில்லை என்றும் 1959இல் வெளியான முடிவு உலகிற்கு உணர்த்திற்று. படுக்கை கிடைக்காத எண்ணற்ற ஏழைகட்கு வாழ்வளித்த முடிவு அது.

இன்று கிருமியின் மரபுப்பொருளைக் கொண்டு இரண்டு மணி நேர அளவில் நோயை அறியும் கருவிகளும் வந்துள்ளன. திருவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில் வாழும் உழவர் ஒருவர்க்கு இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடிப்பின், அவர் அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிச் சளியைச் சோதித்துக்கொள்ளலாம். நோயை மறைத்தல் தமக்கும் தம் சுற்றத்தார்க்கும் கேடாகும்.

ஒருவர் கண்ட உண்மை அவரிடமே தங்கின் அவரோடு மறையும். அவையேறின் உலகிற்கு உரியதாகும். அன்று இலண்டனில் பலர் காண வைத்த கண்ணாடித் தட்டு கற்பிப்பதும் இதுவே அன்றோ!