அலியா, மார்சியானோவா? அடிமட்டத்தை எடுங்கள்!

குத்துச்சண்டை மேடையில் முகம்மது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் வெல்வார்? அதுவும் இருவரும் தத்தம் உச்சக் காலத்தில் இருந்தால்? கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் பாடசாலை விட்டதும் மதிலோரம் நின்று பிள்ளைகள் இப்படி வாதாடினால், பெரியவர்கள் “வேலையற்ற பேச்சு” என்று சொல்லிக் கடந்து போவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, தம்பி தங்கையரே. நடக்கவே முடியாத ஒரு போட்டியைப் பற்றி ஒழுங்காகச் சிந்திப்பது நல்ல அறிவியல் பயிற்சி. வாருங்கள், அந்த வாதத்தை முறையாக நடத்திப் பார்ப்போம்.

நிறையும் நீளமும்

கண்டிப் பக்கத்துக்குக் குத்துச்சண்டை புதிதல்ல. நமது பாடசாலைகளுக்கிடையிலான ஸ்டப்ஸ் கேடயப் போட்டி 1914 இல் தொடங்கியது. கண்டித் திரித்துவக் கல்லூரிக்கு அதில் நீண்ட வரலாறு உண்டு. 1938 இல் சிட்னியில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழாவில் பார்னி ஹென்றிக்கஸ் என்ற வீரர் குத்துச்சண்டையில் இலங்கைக்குத் தங்கப் பதக்கம் வென்று தந்தார். அவர் போட்டியிட்டது இறகு நிறைப் பிரிவில். அந்தப் பிரிவின் எல்லை ஏறத்தாழ 57 கிலோகிராம். அலி 1974 இல் மேடையேறியபோது அவரது நிறை சுமார் 98 கிலோகிராம். இந்த இருவரையும் மோதவிட யாரும் நினைக்க மாட்டார்கள்.

காரணம் உந்தம். உந்தம் என்பது திணிவை வேகத்தால் பெருக்க வருவது. இருவரின் கையும் ஒரே வேகத்தில் வந்தாலும், பின்னால் கூடிய திணிவுள்ள குத்தே கூடிய உந்தத்தோடு வரும். நல்ல வீரர் கையால் மட்டும் குத்துவதில்லை. பாதம் தரையை உதைக்கும், இடுப்பு திரும்பும், தோள் முன்னே பாயும். கடைசியில்தான் முட்டி போய்ச் சேரும். அதனால்தான் நிறை பார்த்துப் பிரிவு வகுக்கிறார்கள்.

அப்படியானால் அலி போட்டியிட்ட அதிபார நிறைப் பிரிவுக்குள்ளும் பாரம் கூடியவர்தானே வெல்ல வேண்டும்? இல்லை. அதே பிரிவில் சாம்பியனாக இருந்த றொக்கி மார்சியானோவின் நிறை சுமார் 85 கிலோகிராம்தான். அந்தப் பிரிவில் அது குறைவு. ஆனால் அவர் மோதிய 49 தொழில்முறைப் போட்டிகளிலும் வென்றார். அவற்றில் 43 இல் எதிராளியால் தொடர முடியாமல் போயிற்று.

கை நீளத்தையும் பாருங்கள். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை அளப்பார்கள். அலிக்கு அது 198 சென்ரிமீற்றர். மார்சியானோவுக்கு ஏறத்தாழ 173. வித்தியாசம் 25 சென்ரிமீற்றர் என்றதும் பெரிதாகத் தெரியும். ஆனால் அது இரண்டு கைக்கும் சேர்த்த அளவு. ஒரு கைக்கு அதில் பாதிதான். எந்த எண்ணைக் கேட்டாலும், அதை எப்படி அளந்தார்கள் என்று கேட்கப் பழகுங்கள்.

பத்தில் ஒரு செக்கன்

1985 இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் பிராங்க் புருனோ என்ற அதிபார நிறை வீரரின் குத்தைக் கருவி கொண்டு அளந்தார்கள். அவரது முட்டி புறப்பட்டு 0.1 செக்கனுக்குள் ஏறத்தாழ அரை மீற்றர் கடந்துவிட்டது. மோதும்போது அதன் வேகம் செக்கனுக்கு 8.9 மீற்றர், அதாவது மணிக்கு 32 கிலோமீற்றர். உச்ச விசை 4096 நியூற்றன். நானூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட திணிவொன்றின் நிறைக்கு அது சமம்.

0.1 செக்கன் என்பது எவ்வளவு குறுகியது? அதை நீங்களே கண்டுபிடிக்கலாம். 30 சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்றை எடுங்கள். அதன் மேல்நுனியை உங்கள் நண்பர் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழ்நுனியிலுள்ள பூச்சியக் கோட்டின் இருபுறமும் உங்கள் பெருவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் வையுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் நண்பர் விடுவார். நீங்கள் பிடிக்க வேண்டும். எந்தக் கோட்டில் பிடித்தீர்கள் என்று பாருங்கள். 30 சென்ரிமீற்றரில் பிடித்தால் உங்களுக்கு எடுத்த நேரம் ஏறத்தாழ 0.25 செக்கன். 20 இல் பிடித்தால் 0.20 செக்கன். 11 இல் பிடித்தால் 0.15 செக்கன். புருனோவின் குத்து வந்து சேரும் 0.1 செக்கனில் அடிமட்டம் விழுவது 5 சென்ரிமீற்றர் மட்டுமே.

பத்துத் தடவை செய்து சராசரி எடுத்துப் பாருங்கள். 5 சென்ரிமீற்றரில் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். கண் பார்த்து, மூளை அறிந்து, நரம்பு வழியே கட்டளை போய், தசை சுருங்குவதற்குள் முட்டி முகத்தில் பட்டுவிடும். அப்படியானால் அலி எப்படித் தலையைப் பின்னே சாய்த்துத் தப்பினார்? குத்து கிளம்பிய பிறகு மட்டும் அதைப் பார்த்திருந்தால் முடிந்திராது. எதிராளியின் தோள் இறங்குவதையும் பாதம் திரும்புவதையும் முன்கூட்டியே வாசிக்கப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். தராசிலும் அளவு நாடாவிலும் அகப்படாத திறமை இது.

கணினி சொன்ன தீர்ப்பு

இந்த வாதத்தைத் தீர்க்க ஒருவர் கணினியைக் கேட்டார். 1967 இல் அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர் முரே வொரோனர், வெவ்வேறு காலத்து 16 சாம்பியன்களைக் கணினிக்குள் மோதவிட்டார். வீரர்களின் பலத்தையும் பலவீனத்தையும் எண்களாக்கிக் கொடுத்தார்கள். இறுதிப் போட்டியில் ஜாக் டெம்சியை மார்சியானோ வென்றதாகக் கணினி சொன்னது. அலியோ, 1899 முதல் 1905 வரை சாம்பியனாக இருந்த ஜிம் ஜெப்ரிஸிடம் தோற்றதாக முடிவு வந்தது. அலிக்கு வந்ததே கோபம்! வழக்குத் தொடுத்தார். அந்தப் பிணக்கு ஒரு திரைப்படத்தில் போய் முடிந்தது.

1969 இல் அலியும் மார்சியானோவும் கமராவுக்கு முன்னால் குத்துச்சண்டை நடித்தார்கள். அலிக்கு வயது 27. மார்சியானோவுக்கு 45, ஓய்வு பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள். அவர் உடம்பைக் குறைத்து, பொய்முடி வைத்து வந்தார். கணினி எந்த முடிவைச் சொன்னாலும் பொருந்தும்படி பல முடிவுகளைப் படமாக்கி வைத்தார்கள். அந்த ஆண்டு ஓகஸ்ட் 31 இல் மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் படம் திரையிடப்பட்டபோது, 13 ஆவது சுற்றில் மார்சியானோ வென்றார்.

இதை ஆதாரமாகக் கொள்ளலாமா? கணினி தானாக எதையும் பார்க்கவில்லை. மனிதர்கள் ஊகித்துக் கொடுத்த எண்களை வைத்தே கணக்குப் போட்டது. எண்களை மாற்றினால் வெற்றியாளரும் மாறுவார்.

மூவர் வட்டம்

இப்போது உண்மையாகவே நடந்த மூன்று போட்டிகளைப் பாருங்கள். 1971 மார்ச் 8 இல் ஜோ பிரேசியர், அலியை 15 சுற்றுகளில் வென்றார். 1973 ஜனவரி 22 இல் ஜோர்ஜ் போர்மன், பிரேசியரை ஆறு தடவை தரையில் வீழ்த்தி இரண்டே சுற்றில் முடித்தார். அப்படியானால் போர்மன் அலியை இன்னும் சுலபமாக வென்றிருக்க வேண்டுமே! ஆனால் 1974 ஒக்டோபர் 30 இல் கின்ஷாசா நகரில் எட்டாவது சுற்றில் போர்மனை அலி வீழ்த்தினார்.

கல்லைக் காகிதம் மூடும், காகிதத்தைக் கத்தரி வெட்டும், கத்தரியைக் கல் உடைக்கும் விளையாட்டைப் போலத்தான் இதுவும். பிரேசியர் குனிந்து முன்னேறி வருபவர். கீழிருந்து மேலே வீசும் போர்மனின் பலத்த குத்துகளுக்கு நேரே வந்து நின்றார். அலி கயிற்றில் சாய்ந்து நின்று, போர்மனை வீசி வீசிக் களைக்கவிட்டார். ஒருவரின் பாணி இன்னொருவருக்கு மருந்து. அதே பாணி மூன்றாமவருக்கு நஞ்சு. உயரத்தின்படி பிள்ளைகளை நிறுத்துவது போல வீரர்களை ஒரே வரிசையில் நிறுத்த முடியாது.

உச்சக் காலம் என்பதும் சிக்கலானதே. 1967 முதல் 1970 வரை மூன்றரை ஆண்டுகள் அலிக்கு மேடை மறுக்கப்பட்டது; வியட்நாம் போருக்குப் போக மறுத்ததே காரணம். 1971 இல் தோற்றவர் 1967 இல் ஆடிய அதே அலியா? அந்தக் கேள்வியும் கணக்கில் வர வேண்டும்.

ஒரு முக்கியமான சொல்

குத்து விழும்போது தலை சட்டென்று திரும்புகிறது. மண்டையோட்டுக்குள் பாய்பொருளில் மிதக்கும் மூளை பின்தங்கி முறுகி இழுபடுகிறது. தடித்த கையுறை முதலில் காப்பது குத்துபவரின் கையெலும்புகளைத்தான். எதிராளியின் மூளை அசைவதை அது நிறுத்தாது. திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம் என்பது மருத்துவ உண்மை. ஆகவே வாயால் வாதாடுங்கள், தாளில் கணக்குப் போடுங்கள்; ஒருவர் தலையில் ஒருவர் குத்திப் பார்க்க வேண்டாம்.

அடுத்த முறை “அலிதான்!”, “டைசன்தான்!” என்று குரல் உயரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த வயது அலி, எந்த வயது டைசன்? எதை அளந்தீர்கள், எப்படி அளந்தீர்கள்? எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவரே அந்த வாதத்தில் விஞ்ஞானி. உங்கள் வகுப்பில் பத்துப் பேரின் அடிமட்டச் சோதனை அளவுகளை அட்டவணையாக்கி எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். யார் வேகமானவர் என்பதோடு, ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.