தாத்தா முயலுக்கு ஷாம்பு வேணாம் பாஸ்!

ஆறாவது படிக்கிறப்போ அடம்பிடிச்சு வாங்கின குட்டி முயல். இப்போ நீங்க செகண்ட் இயர். அது? தாத்தா ஆகியாச்சு! வீட்டு முயலோட ஆயுசு சுமாரா 8-லிருந்து 12 வருஷம். ஆறைத் தாண்டினாலே சீனியர் சிட்டிஸன்தான்.

தன்னைத்தானே நக்கி நக்கி பளிச்சுனு வெச்சுக்கற பிராணி அது. வயசானா மூட்டு வலி வரும், இடுப்பு வளையாது, வாய் பின்பக்கம் எட்டாது. முயல் போடற கழிவுல ரெண்டு ரகம் உண்டு. ஒண்ணு காய்ஞ்ச புழுக்கை. இன்னொண்ணு, மெத்துனு கொத்தா வர்றது. இந்த ரெண்டாவதை அதுவே குனிஞ்சு வாயால எடுத்துத் தின்னுடும் (முகம் சுளிக்காதீங்க, சத்தே அதுலதான்!). குனிய முடியாத தாத்தாவுக்கு அது அப்படியே முடியில அப்பிக்கும். கூடவே சிறுநீர் ஈரம் பட்டுப் பட்டுத் தோல் வெந்துபோகும்.

'ஐயே, நாத்தம்!'னு பக்கெட்டுல முக்கிடாதீங்க. முழுசா நனைஞ்ச முயல் பயத்துல அதிர்ச்சியாகி உயிரையே விடலாம். முடி லேசுல காயாது, உடம்பு சில்லிட்டுடும். தினமும் குளிக்கிற நமக்கு இதை ஏத்துக்கக் கஷ்டம்தான். அதுக்காக, பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்காதீங்க!

கிச்சன்ல இருக்கற கார்ன்ஃப்ளாரை அழுக்கு இடத்துல மட்டும் தடவி, விரலால உதிர்த்துச் சீவி விடுங்க. முகத்துக்குப் போடற பவுடர் வேண்டாம், நுரையீரலுக்கு ஆகாது. அதுலயும் போகலையா? வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சு அந்த இடத்தை மட்டும் துடைச்சு, ஈரமே இல்லாம ஒத்தி எடுங்க. சிக்கு முடியைப் பிடிச்சு இழுத்தா தோலே கிழியும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை பின்புறத்துக்கு. காதைப் பிடிச்சுத் தூக்கற சினிமா மேஜிக் எல்லாம் கூடாது.

இவ்வளவு மெனக்கெடறது எதுக்குன்னா, ஈ! அழுக்கு முடியில ஈ முட்டை போட்டா ஒரே நாள்ல புழு வந்து, உயிரோட இருக்கற முயலோட சதையைத் தின்ன ஆரம்பிச்சுடும். நம்ம ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேணாம். காலையும் சாயந்தரமும் வாலுக்கு அடியில ஒரு பார்வை பாருங்க. ஒரு புழு தெரிஞ்சாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட போயாகணும். சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. நாய்க்குப் போடற ஃபிப்ரோனில் மருந்தை நீங்களே எடுத்துத் தெளிக்காதீங்க, முயலுக்கு அது விஷம்.

கம்பித் தரையில பழைய டவலை மடிச்சுப் போடுங்க. முயல் பாதத்துல நாய் மாதிரி மெத்தை கிடையாது, முடி மட்டும்தான், சீக்கிரம் புண்ணாகும். டவல் ஈரமானதும் மாத்தணும். கேரட்டைக் குறைச்சு அருகம்புல்லைக் கூட்டுங்க. மே மாசத்துல ஐஸாக்கின தண்ணி பாட்டிலைத் துணியில சுத்திப் பக்கத்துல வெச்சா, தாத்தா ஒட்டிப் படுத்துப்பார்.

ஹாஸ்டல்வாசிகளா? அம்மாகிட்ட போன்ல, "முயல் இன்னைக்குப் புழுக்கை போட்டுச்சா?"னு கேளுங்க. ரூம்மேட் சிரிச்சா சிரிக்கட்டும். அரை நாளா சாப்பாடும் இல்ல, புழுக்கையும் இல்லைன்னா குடல் நின்னுபோச்சுன்னு அர்த்தம். விடியட்டும்னு காத்திருக்காம உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க.