மெலிந்த தசை, துள்ளும் அனிச்சை

மோட்டார் நியூரான் நோயை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. எம்.ஆர்.ஐ. எடுப்பதும் பெரும்பாலும் வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். அதனால் சட்டையைக் கழற்றச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில், தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நரம்பியல் மருத்துவரின் முதல் வேலை.

இந்த நோய் அழிப்பது தசையை இயக்கும் நரம்பணுக்களை. அவை இரண்டு அடுக்கு. மேலடுக்கு மூளையில் தொடங்குகிறது. மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் இருக்கும் கீழடுக்கு, அதன் கட்டளையை வாங்கித் தசையிடம் சேர்க்கிறது. கீழடுக்கு அழிந்தால் தசை சூம்பும், வலுக் குறையும், தோலுக்கடியில் சின்னச் சின்னத் துடிப்புகள் ஓடும். சுத்தியலால் தட்டினால் அனிச்சை மங்கலாக இருக்கும். மேலடுக்கு அழிந்தால் கைகால் விறைக்கும், தட்டியதும் துள்ளும், உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே எழும். இந்தக் கடைசி அடையாளத்தை பாபின்ஸ்கி 1896-இல் விவரித்தார்.

இரண்டும் ஒரே கையிலோ காலிலோ கூடி நிற்பதுதான் வலுவான தடயம். சூம்பிய தசையில் அனிச்சை அடங்கியிருக்க வேண்டும். அங்கே அது துள்ளினால் சந்தேகம் முற்றிவிடும். உள்ளங்கையையும் கவனிப்பார்கள்: கட்டைவிரல் பக்கத்துச் சதை கரைந்திருக்கும், சுண்டுவிரல் பக்கம் ஓரளவு தப்பியிருக்கும். நாக்கை நீட்டச் சொல்லித் துடிப்பைத் தேடக் கூடாது. நீட்டினால் நல்ல நாக்கும் நடுங்கும். வாய்க்குள் அது தளர்ந்து கிடக்கும்போதே பார்க்க வேண்டும்.

வெறும் துடிப்பை வைத்துப் பயப்படத் தேவையில்லை. கண் இமையும் கெண்டைக்காலும் துடிப்பது சாதாரணம். மெலிவோ பலவீனமோ கூடவே வந்தால்தான் அதற்கு அர்த்தம்.

இல்லாத அறிகுறிகளும் பேசும். தொடு உணர்ச்சியும் கண் அசைவும் பொதுவாகக் கெடுவதில்லை. சிறுநீர்க் கட்டுப்பாடும் பெரும்பாலும் தப்பிவிடும். உணர்ச்சி தெளிவாகக் குறைந்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

அதிகம் குழப்புவது கழுத்து எலும்புத் தேய்மானம். தண்டுவடம் நசுங்கினாலும் கை மெலியும், கால் விறைக்கும். இங்கே தாடை கைகொடுக்கும். வாயை லேசாகத் திறக்கச் சொல்லி, மோவாயில் விரல் வைத்து மெல்லத் தட்டுவார்கள். தாடை வெடுக்கென்று மூடினால் பழுது கழுத்துக்கும் மேலே இருக்கிறது. அதற்குத் தேய்மானத்தைக் குற்றம் சொல்ல முடியாது. சில நொடி வேலை, ஆனால் பலர் தவிர்த்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். இன்னொரு போலி, உடலின் எதிர்ப்பாற்றலே இயக்க நரம்புகளைத் தாக்கும் ஒரு வகை. அதில் மேலடுக்கின் அடையாளங்கள் இருக்காது. இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் முன்னேற்றம் கிடைக்கும் என்பதால் அதைத் தவறவிடக் கூடாது.

பெரும்பாலும் நம் பக்கத்தில் காணப்படும் ஒரு வகையும் உண்டு. சென்னை மருத்துவர்கள் 1970-இல் விவரித்த 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' இளம் வயதிலேயே தொடங்கி மெதுவாக நகரும். முகமும் தொண்டையும் வலுவிழக்கும். கைகால் மெலிந்து வரும் இளைஞரிடம் காது சரியாகக் கேட்கிறதா என்று கேட்பது அதனால்தான்: இந்த வகையில் பலருக்குச் செவித்திறனும் குறைகிறது.